நெடுவீட்டுப் பெண்கள்: செனகா மக்களைத் தெரிந்துகொள்வோம்



புருஷன் பெண்டாட்டிக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் யார் வீட்டை விட்டுப் போக வேண்டும்? இதற்குப் பதில் சொல்ல நம்மில் யாருக்கும் யோசனையே தேவையில்லை. துணியைச் சுருட்டிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறவள் பெண்தான். ஆனால் அமெரிக்காவில் செனகா என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பழைய வழக்கத்தில் இது அப்படியே தலைகீழ். சரிப்பட்டு வராத புருஷனுடைய சாமானை எல்லாம் மூட்டை கட்டி வாசலுக்கு வெளியே வைத்துவிடுவார்கள். வேட்டைக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறவர் மூட்டையைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொள்வார். அதைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டைப் பார்க்க நடக்க வேண்டியதுதான். பிள்ளைகள் தாயோடு இருக்கும். வீடும் தாயுடையது.

படிக்கும்போது சிரிப்பு வருகிறது இல்லையா? எனக்கும் வந்தது. ஆனால் முழுக் கதையையும் படித்த பிறகு அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. அந்தப் பெண்களுக்கு அப்படி ஓர் அதிகாரம் எங்கிருந்து வந்தது, பிறகு அது எப்படிக் கையை விட்டுப் போனது என்பதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

யார் இவர்கள்?

நியூயார்க் என்றதும் டிவியில் காட்டுகிற உயரமான கட்டிடங்கள்தான் நமக்கு ஞாபகம் வரும். அது நியூயார்க் மாநிலத்தின் ஒரு மூலை மட்டும். அங்கிருந்து வடமேற்கே ஐந்தாறு மணி நேரம் காரில் போனால் ஏரிகளும் குன்றுகளும் ஜெனசி ஆற்றுப் படுகையும் வரும். அதுதான் செனகா மக்களின் பூர்வீக மண். 'செனகா' என்பது வெளியார் வைத்த பெயர். தங்கள் மொழியில் அவர்கள் தங்களைப் 'பெரிய மலையின் மக்கள்' என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

அமெரிக்கப் பூர்வகுடி மக்களை 'இந்தியர்' என்று எழுதுவதைப் பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். 1492-ல் கொலம்பஸ் இந்தியா வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வேறோர் இடத்தில் இறங்கியதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. நமக்கும் அவர்களுக்கும் ரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது. இன்னொரு விதமான சம்பந்தம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

செனகா மக்கள் தனியாக இருக்கவில்லை. மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனகா என்று ஐந்து மக்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பாக இருந்தார்கள். 1722-ல் டஸ்கரோரா என்ற மக்களும் சேர்ந்து ஆறானது. வெள்ளைக்காரர்கள் இவர்களை இரோகுவா என்றார்கள். அவர்கள் சொல்லிக்கொள்ளும் பெயர் ஹோடினோஷோனி, அதாவது நெடுவீட்டு மக்கள். தங்கள் நாடு முழுவதையுமே ஒரு நீளமான வீடாக நினைத்தார்கள். கிழக்கு வாசலுக்கு மோஹாக் காவல். நடுவில் அடுப்பு நெருப்பைக் காப்பது ஒனொண்டாகா. மேற்கு வாசலுக்குக் காவல் செனகா.

இந்தக் கூட்டமைப்பு எப்படி வந்தது என்பதற்கு அவர்களிடம் ஒரு வரலாறு வாய்வழியாக வருகிறது. ஐந்து மக்களும் ஒருவரை ஒருவர் வெட்டிக் கொன்றுகொண்டிருந்த காலம். சமாதானம் பேச ஒருவர் வந்தார். அவர் பேச்சை முதலில் ஏற்றுக்கொண்டவர் ஒரு பெண், பெயர் ஜிகோன்சாசே. போர்ப் பாதையில் போகிறவர்களுக்கெல்லாம் சோறு போட்டுக்கொண்டிருந்தவர் அவர். முதலில் ஒத்துக்கொண்டது பெண் என்பதால், தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெண்களுக்கு என்று ஆனதாம். அவரை 'மக்கள் எல்லோருக்கும் தாய்' என்று இன்றும் மதிக்கிறார்கள்.

ஒரே கூரை, பல அடுப்பு

நெடுவீடு என்பது வெறும் பேச்சுக்குச் சொன்னது அல்ல, நிஜமாகவே அப்படித்தான் வீடு கட்டினார்கள். மரக்கம்புகளை நட்டு வளைத்துக் கட்டி, மேலே எல்ம் மரத்தின் பட்டையை உரித்துப் போர்த்தியிருப்பார்கள். ஆணி ஒன்றுகூடக் கிடையாது. அகலம் சுமார் இருபது அடி. நீளம் நூறு அடியைத் தாண்டுவதும் உண்டு. நடுவில் ஒரு நடைபாதை, அதில் வரிசையாக அடுப்புகள். ஒவ்வோர் அடுப்புக்கும் இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். புகை போகக் கூரையில் ஓட்டை. மேலே உத்தரத்தில் மக்காச்சோளக் கதிர்களைச் சடை பின்னுவதுபோல் பின்னித் தொங்கவிட்டிருப்பார்கள்.

இந்த வீட்டில் யார் யார் இருப்பார்கள்? ஒரு பாட்டி, அவளுடைய தங்கைகள், மகள்கள், பேத்திகள். எல்லோரும் ஒரே தாய்வழி. கல்யாணம் ஆனால் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் இங்கே வர வேண்டும். அத்தனை பேரும் வீட்டோடு மாப்பிள்ளைகள்! மாமியார் வீட்டில் இருக்கிற மாப்பிள்ளை கொஞ்சம் அடக்கமாகத்தானே இருக்க வேண்டும். வீட்டுச் சாப்பாட்டுக்கு அவர் வேட்டை கொண்டுவராமல் சோம்பித் திரிந்தால், மூட்டை வாசலுக்கு வந்துவிடும்.

பிள்ளை தாயின் குலத்தில் சேரும், தகப்பன் குலத்தில் அல்ல. ஓநாய், கரடி, ஆமை, பீவர் என்ற நீர்ப்பிராணி, மான், பருந்து, நாரை, உள்ளான் என்று எட்டுக் குலங்கள். சொந்தக் குலத்துக்குள் கல்யாணம் கூடாது. பெயர்கூடக் குலத்தின் சொத்து. ஒருவர் இறந்துபோனால் அவர் பெயர் குலத்திடம் திரும்பி வரும். அதைப் பத்திரமாக வைத்திருந்து பிறகு ஒரு குழந்தைக்குக் கொடுப்பது குலத்தாயின் வேலை.

இப்போது அந்தச் சம்பந்தத்தைச் சொல்கிறேன். லூயிஸ் ஹென்றி மார்கன் என்று ஓர் அமெரிக்க வக்கீல். ஈலி பார்க்கர் என்ற செனகா இளைஞரோடு சிநேகமாகி, அவர்கள் வழக்கங்களை எழுதி 1851-ல் புத்தகம் போட்டவர். உறவுமுறையைக் கேட்டபோது அவருக்குத் தலை சுற்றியது. செனகா பிள்ளை தன் அம்மாவின் அக்கா தங்கையையும் 'அம்மா' என்கிறது. அப்பாவின் அண்ணன் தம்பியையும் 'அப்பா' என்கிறது. அவர்கள் பிள்ளைகள் எல்லாம் இதற்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. ஆனால் அம்மாவின் அண்ணன் தம்பி மட்டும் மாமா. அப்பாவின் அக்கா தங்கை மட்டும் அத்தை. அவர்கள் பிள்ளைகளுக்கு வேறு முறை.

நமக்கு இதில் என்ன அதிசயம்? பெரியம்மா, சின்னம்மா, பெரியப்பா, சித்தப்பா என்று பேச்சிலேயே அம்மாவும் அப்பாவும் இருக்கிறதே. ஆனால் ஆங்கிலத்தில் எல்லோரும் 'ஆன்ட்டி', 'அங்கிள்' தான். அதனால் மார்கனுக்கு இது பெரிய புதிராக இருந்தது. தமிழ்நாட்டில் ஊழியம் செய்த ஸ்கடர் குடும்பத்து மிஷனரி ஒருவரிடம் கேட்டு நம் உறவுமுறையையும் எழுதி வாங்கினார். (வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மா அந்தக் குடும்பம்தான்.) செனகா முறையையும் தமிழ் முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது! 1871-ல் இதையெல்லாம் பெரிய புத்தகமாக வெளியிட்டார். இதை வைத்து இரண்டு பேரும் ஒரே வம்சம் என்று அவர் முடிவு கட்டியது தப்பு. தூர தூரமான இரண்டு இடங்களில் ஒரே மாதிரி வழக்கம் தானாகவே உண்டாகலாம். வித்தியாசமும் உண்டு. நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் என்றால் கட்டிக்கொள்ளும் முறை. செனகா மக்களிடம் அந்த வழக்கம் இல்லை.

காடு கழனி யாருடையது?

மரத்தை வெட்டிக் காட்டைத் திருத்திக் கொடுப்பது ஆண்களின் வேலை. அதற்குப் பிறகு விதைப்பது, களை கொத்துவது, அறுப்பது, சேமிப்பது எல்லாம் பெண்கள். நிலமும் விளைச்சலும் பெண்கள் பொறுப்பு. தானியத்தை யாருக்கு எவ்வளவு அளப்பது என்பதும் அவர்கள் முடிவு.

முக்கியமான பயிர் மூன்று: மக்காச்சோளம், பீன்ஸ், பரங்கி. இவற்றை 'மூன்று சகோதரிகள்' என்று சொல்வார்கள். மண்ணைக் குவித்துச் சிறு மேடு கட்டி, அதில் சோளம் ஊன்றுவார்கள். சோளம் கொஞ்சம் எழும்பியதும் அதே மேட்டில் பீன்ஸ். இடையில் பரங்கி. பீன்ஸ் கொடிக்குத் தனியாகக் கம்பு ஊன்ற வேண்டாம், சோளத் தட்டையே கம்பு. பீன்ஸ் வேரில் இருக்கும் முடிச்சு, காற்றில் இருக்கிற தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். பரங்கி இலை தரையை மூடிக்கொண்டால் களை அவ்வளவாக வராது, ஈரமும் காயாது. இந்த மூன்றுமே அமெரிக்க மண்ணில் தோன்றியவை. கொலம்பஸுக்குப் பிறகு கப்பல் ஏறித்தான் நம் கொல்லைக்கு வந்தன.

வேலை எப்படிச் செய்தார்கள் என்பதைக் குழுவில் இருக்கிற நாம் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் மூத்த பெண் ஒருவரைத் தலைவியாகத் தேர்ந்தெடுப்பார்கள். எல்லாப் பெண்களும் சேர்ந்து ஒருத்தி நிலத்தை முடித்துவிட்டு அடுத்தவள் நிலத்துக்குப் போவார்கள். 'நான் அதிகம் செய்தேன், நீ குறைவாகச் செய்தாய்' என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று மேரி ஜெமிசன் சொல்லியிருக்கிறார். இவர் கதை கீழே வருகிறது.

சமையலில் ஒரு விஷயம். காய்ந்த சோளத்தை விறகுச் சாம்பல் போட்ட தண்ணீரில் வேகவைப்பார்கள். மேல்தோல் கழன்று வரும். அதற்கென்று பின்னிய கூடையில் போட்டு ஓடும் தண்ணீரில் அலசுவார்கள். பிறகு மரத்தைக் குடைந்து செய்த உரலில் இரண்டு பேராக நின்று இடிப்பார்கள். மாவில் வெந்த பீன்ஸைக் கலந்து பிசைந்து தட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் அதுதான் அவர்கள் ரொட்டி. சாம்பல் தண்ணீர் தோலை மட்டும் நீக்குவதில்லை. சோளத்தில் நயாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேராத நிலையில் இருக்கிறது. சாம்பல் தண்ணீரில் வேகும்போதுதான் அது உடம்பில் சேரும்படி மாறுகிறது. இந்தப் பக்குவத்தைக் கற்காமல் சோளத்தை மட்டும் கொண்டுபோய்ச் சாப்பிட்ட ஐரோப்பிய ஏழை ஜனங்களுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி தடுமாறும் பெலாக்ரா என்ற நோய் வந்தது. செனகா பெண்கள் வைட்டமினைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. பக்குவம் தெரிந்திருந்தது.

கொம்பைக் கொடுத்தவளே கழற்றுவாள்

கூட்டமைப்பின் பெரிய சபையில் ஐம்பது தலைவர் பதவிகள், அதில் செனகாவுக்கு எட்டு. தலைவர்கள் எல்லோரும் ஆண்கள்தான். ஆனால் இன்னார் தலைவர் என்று பெயர் சொல்கிறவர் குலத்தாய். குலத்துப் பெண்களோடு கலந்து பேசி, பையன் சின்ன வயதிலிருந்து எப்படி நடந்துகொள்கிறான், பொறுமை இருக்கிறதா, கை சுத்தமா என்று பார்த்துச் சொல்வார். பதவிக்கு அடையாளம் மான் கொம்பு வைத்த தலைப்பாகை. தலைவர் சரியாக நடக்காவிட்டால் மூன்று முறை எச்சரிக்கை. அதற்கும் கேட்காவிட்டால் கொம்பைக் கழற்றிவிடுவார்கள். ஐந்து வருஷம் காத்திருக்கிற வேலை இல்லை.

போருக்குப் போகிற விஷயத்திலும் பெண்கள் பேச்சு எடுபட்டது. காட்டு வழியில் நாள்கணக்காக நடக்கிறவனுக்கு வறுத்த சோள மாவும் காலுக்குத் தோல் செருப்பும் வேண்டும். இரண்டையும் செய்வது பெண்கள். பிடிக்காத போர் என்றால் அவர்கள் மாவையும் செருப்பையும் கொடுக்கமாட்டார்கள். சொல்லப்போனால், சேமிப்பின் சாவி இடுப்பில் இருந்ததால்தான் சபையிலும் அந்த மரியாதை கிடைத்தது என்பது என் எண்ணம்.

இதனால் அவர்கள் சாதுவான மக்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1640-களிலும் 1650-களிலும் அக்கம்பக்கத்து மக்களோடு கடும்போர் செய்து சிலரை அடியோடு சிதறடித்தவர்கள்தான் செனகாவும் மற்ற நான்கு மக்களும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், அந்த இடத்துக்கு ஒரு கைதியைப் பிடித்து வாருங்கள் என்று கேட்பதும் உண்டு. அப்படி வந்தவரைச் சொந்தப் பிள்ளையாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

மேரி ஜெமிசன் அப்படிச் சேர்ந்தவர்தான். 1743-ல் அயர்லாந்திலிருந்து வந்த கப்பலில் பிறந்த வெள்ளைக்காரப் பெண். சிறு வயதில் பிரெஞ்சுக்காரர்களும் அவர்களோடு சேர்ந்த பூர்வகுடி வீரர்களும் பிடித்துப்போனார்கள். பெற்றோரைக் கொன்றுவிட்டார்கள். போரில் சகோதரனை இழந்த இரண்டு செனகா அக்கா தங்கைகள் இவரைத் தங்கள் தங்கையாக வளர்த்தார்கள். பின்னால் திரும்பிப் போக வழி கிடைத்தும் இவர் போகவில்லை. கடைசி வரை செனகா பெண்ணாகவே வாழ்ந்து 1833-ல் இறந்தார். முதுமையில் அவர் சொன்ன வாழ்க்கைக் கதை 1824-ல் புத்தகமாக வந்தது. வெள்ளைக்காரப் பெண்ணின் வேலையைவிடச் செனகா பெண்ணின் வேலை ஒன்றும் கடினமில்லை என்றும் அதில் சொல்லியிருக்கிறார்.

தானியத்தில் வைத்த நெருப்பு

செனகாவை அடக்க வேண்டும் என்று வந்தவர்கள் எல்லோரும் முதலில் கை வைத்தது வயலிலும் குதிரிலும்தான். 1687-ல் டெனோன்வில் என்ற பிரெஞ்சு கவர்னர் படையோடு வந்தார். தோல் வியாபாரத்தில் போட்டி. கனோந்தகன் என்ற பெரிய ஊரையும் மற்ற ஊர்களையும் எரித்தார்கள். 12 லட்சம் புஷல் சோளம் அழிந்ததாக ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு புஷல் சோளம் சுமார் 25 கிலோ. ஜெயித்தவர் கணக்கு, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். பாதி என்று வைத்தாலும் எவ்வளவு உழைப்பு!

அதைவிடப் பெரிய அடி 1779-ல். அமெரிக்கர்கள் பிரிட்டிஷாரை எதிர்த்துச் சுதந்திரப் போர் செய்த சமயம். செனகா மக்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் பக்கம் நின்றார்கள். எல்லைப்புறத்து அமெரிக்கக் குடியிருப்புகளைத் தாக்கவும் செய்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் உத்தரவுப்படி தளபதி சல்லிவன் நாலாயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்களோடு வந்தார். நாற்பது ஊர்களுக்கு மேல் எரிந்தன. சல்லிவன் எழுதிய கணக்குப்படி அழிந்த சோளம் 1,60,000 புஷல். ஐம்பது கிலோ மூட்டையாகப் போட்டால் எண்பதாயிரம் மூட்டை. பழத்தோட்டங்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். இவ்வளவு செழிப்பான வயல்களைப் பார்த்ததில்லை என்று சிப்பாய்களே டைரியில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதிவிட்டு நெருப்பு வைத்தார்கள். வாஷிங்டனுக்கு அந்த மக்கள் சொல்லும் பெயர் 'ஊர் அழிப்பவர்'.

அந்தக் குளிர்காலம் பயங்கரமானது. ஆயிரக்கணக்கான பேர் பிரிட்டிஷ் கோட்டை இருந்த நயாகரா பக்கம் போய் ஒண்டினார்கள். பசியிலும் குளிரிலும் நிறையப் பேர் செத்தார்கள். மேரி ஜெமிசன் இரண்டு பிள்ளைகளை முதுகில் சுமந்து, மூன்று பிள்ளைகளைப் பின்னால் நடக்கவிட்டு, ஜெனசி ஆற்றோரம் கார்டோ என்ற இடத்துக்குப் போனார். அங்கே அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த இரண்டு கறுப்பின ஆண்கள் சோளம் போட்டிருந்தார்கள். கதிர் உரித்துக் கட்டும் வேலை கேட்டார். பத்துச் சரம் கட்டினால் ஒரு சரம் கூலி. நூறு சரம் சேர்த்தார். அந்த இருபத்தைந்து புஷல் சோளத்தில் ஐந்து பிள்ளைகளும் பிழைத்தன.

'இந்த நிலம் எங்களுடையது'

போர் முடிந்தது. அமெரிக்க அரசு புதியது. 1791 மே மாதம் கர்னல் பிராக்டர் என்பவர் பஃபலோ கிரீக் என்ற செனகா ஊருக்கு வந்தார். மேற்கே சண்டையிடும் மக்களிடம் சமாதானத் தூது போகத் துணைக்கு ஆள் வேண்டும் என்று கேட்டார். தலைவர்கள் இழுத்தடித்தார்கள். அப்போது மூத்த பெண்கள் அவரிடமே நேராகப் போனார்கள். மறுநாள் சபையில், பெண்களுக்காகப் பேசும் பொறுப்பில் ரெட் ஜாக்கெட் என்ற புகழ்பெற்ற பேச்சாளர் எழுந்தார். அவர் வாயால் பெண்கள் சொன்னது இதுதான்: நிலத்துக்கு உடைமைக்காரர்கள் நாங்கள், உங்களுக்கும் எங்களுக்கும் விதைக்கிறவர்கள் நாங்கள், ஆகவே நாங்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். தூது போகலாம் என்பது அவர்கள் முடிவு. இது அரசாங்கப் பதிவில் ஏறியிருக்கிறது.

1794 நவம்பர் 11-ல் கானன்டேக்வா என்ற ஊரில் ஓர் ஒப்பந்தம் ஆனது. இந்த நிலம் செனகா மக்களுடையது, அதில் அமெரிக்கா தலையிடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த மூன்றே வருஷத்தில், 1797-ல், பிக் ட்ரீ என்ற இடத்தில் நிலத்தை வாங்க வந்துவிட்டார்கள். ரெட் ஜாக்கெட் முடியாது என்று சபையைக் கலைத்தார். வாங்க வந்த தாமஸ் மோரிஸ் விடவில்லை. பெண்களைத் தனியாகக் கூட்டினார். பரிசுப் பொருள்களைக் காட்டினார். பணம் வந்தால் உங்கள் கஷ்டம் தீரும், இல்லாவிட்டால் இந்தக் கந்தலோடுதான் இருக்க வேண்டும் என்று பேசினார். பதினெட்டு வருஷமாக எரிந்த வயலையும் பசியையும் பார்த்த பெண்கள் விற்கலாம் என்றார்கள். தலைவர்கள் சிலருக்கு ரகசியமாகப் பணமும் போனது. 30 லட்சம் ஏக்கருக்கும் மேல், விலை ஒரு லட்சம் டாலர். மிஞ்சியது சுமார் 2 லட்சம் ஏக்கர். அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலம் பெண்களுடையது என்பதை வாங்க வந்தவரும் தெரிந்து வைத்திருந்தார், அதனால்தான் அவர்களிடம் போனார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

அதற்குப் பிறகு வேலையும் மாறியது. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1798-ல் வந்து, ஆண்களுக்கு ஏர் உழவும் பெண்களுக்கு நூல் நூற்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். 1799-ல் ஹேண்ட்சம் லேக் என்ற பெரியவர் குடியில் விழுந்து சாகக்கிடந்து, தரிசனம் கண்டு எழுந்தார். சாராயத்தை விடச் சொல்லி ஊர் ஊராகப் பேசினார். எத்தனையோ குடும்பங்கள் அதனால் பிழைத்தன. இன்றும் நெடுவீட்டில் அவர் போதனையைச் சொல்கிறார்கள். ஆனால் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை என்ற சிறு குடும்பத்தைத்தான் அவர் வலியுறுத்தினார். வயல் மெல்ல மெல்ல ஆண்கள் கைக்குப் போனது. பாட்டி தலைமையில் இருந்த பெரிய வீடு தனித்தனி வீடுகளாக உடைந்தது.

1848: ஒரே வருஷத்தில் இரண்டு கூட்டம்

1838-ல் இன்னொரு மோசடி ஒப்பந்தம் நடந்தது. லஞ்சமும் மிரட்டலும் கலந்து தலைவர்களிடம் கையெழுத்து வாங்கி, மிச்ச நிலத்தையும் பறித்து, அத்தனை பேரையும் தூரத்துக் கான்சாஸுக்கு அனுப்பத் திட்டம். எதிர்ப்புக் கிளம்பியது. 1842-ல் அலெகனி, கட்டாராகஸ் என்ற இரண்டு பகுதிகள் மட்டும் திரும்பக் கிடைத்தன. டோனவாண்டா என்ற இடத்துக்காரர்கள் இடத்தை விட்டு நகரமாட்டோம் என்று நின்று, கடைசியில் 1857-ல் தங்கள் சொந்த மண்ணையே காசு கொடுத்து வாங்கினார்கள்.

தலைவர்கள் இப்படிக் கையெழுத்துப் போட்டால் எப்படிப் பொறுப்பது? அலெகனியிலும் கட்டாராகஸிலும் 1848 டிசம்பர் 4-ல் பழைய தலைவர் முறையையே ஒழித்தார்கள். தேர்தல் முறை கொண்டுவந்து 'செனகா நேஷன்' என்ற குடியரசானார்கள். நிலத்தை விற்க வேண்டுமானால் தாய்மார்களில் நான்கில் மூன்று பங்குப் பேர் சம்மதிக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எழுதினார்கள். அது நல்லது. ஆனால் வெள்ளைக்காரர் நாட்டைப் பார்த்து எழுதிய சட்டம் அல்லவா, ஓட்டு ஆண்களுக்கு மட்டும். தலைவரை நியமித்த குலத்தாய்க்கு அங்கே வேலையில்லாமல் போனது. அநியாயம் செய்தவர்கள் தலைவர்கள். ஓட்டுப் போடும் நாளில் வீட்டில் உட்கார்ந்தவர்கள் பெண்கள்.

அதே 1848-ல், ஜூலை மாதம், அதே நியூயார்க் மாநிலத்தில் செனகா ஃபால்ஸ் என்ற ஊரில் வெள்ளைக்காரப் பெண்கள் கூடி, எங்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று முதல் மாநாடு போட்டார்கள். அந்த நாட்டுச் சட்டத்தில் கல்யாணமான பெண்ணுக்குச் சொத்து, சம்பாத்தியம், பிள்ளை எதிலும் பெரும்பாலும் உரிமை கிடையாது. மாநாட்டை நடத்தியவர்களில் ஒருவரான லுக்ரீஷியா மோட் அதற்குக் கொஞ்சம் முன்பு கட்டாராகஸ் போய்ச் செனகா மக்களைப் பார்த்துவிட்டு வந்தவர். பின்னாளில் மட்டில்டா கேஜ் என்ற போராளி, பக்கத்தில் இருக்கும் இந்த மக்களிடம் பெண்ணுக்கு எவ்வளவு அதிகாரம் பாருங்கள் என்று எழுதினார். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டு கிடைத்தது 1920-ல். செனகா நேஷன் பெண்களுக்கு ஓட்டு கிடைத்தது 1964-ல். பதவிக்குப் போட்டியிடும் உரிமை 1966-ல்.

இடையில் அணைக்கட்டும் வந்துவிட்டது. வெள்ளத்தைத் தடுக்க என்று அலெகனி ஆற்றில் கின்சுவா அணை. 1794 ஒப்பந்தத்தைக் காட்டி, வேறு இடத்தில் கட்டுங்கள் என்று செனகா மக்கள் எவ்வளவோ வாதாடினார்கள். 1961-ல் ஜனாதிபதி கென்னடி முடியாது என்று பதில் எழுதினார். 1965-ல் அணை முடிந்தது. சுமார் பத்தாயிரம் ஏக்கர் தண்ணீருக்கு அடியில் போனது. ஏறக்குறைய அறுநூறு பேர் வீட்டை விட்டுப் போனார்கள். அவர்கள் வீடுகளை எரித்துவிட்டார்கள், முன்னோர் சமாதிகளைத் தோண்டி மாற்றினார்கள். வாழ்ந்த வீடு எரிவதைச் சிறு பிள்ளையாக நின்று பார்த்தவர்கள் பிற்காலத்தில் அதைச் சொல்லி அழுதிருக்கிறார்கள்.

இன்று செனகா நேஷனில் உறுப்பினராக வேண்டுமானால் தாய் செனகாவாக இருக்க வேண்டும். அந்த விதி மாறவில்லை. டோனவாண்டாவில் பழைய முறைதான் நடக்கிறது. குலத்தாய்தான் தலைவருக்குப் பெயர் சொல்கிறார். செனகா மொழி சரளமாகப் பேசுகிற பெரியவர்கள் மிகக் குறைவு, அதனால் பிள்ளைகளுக்கு வகுப்பு வைத்துக் கற்பிக்கிறார்கள். 1794 ஒப்பந்தப்படி அமெரிக்க அரசு வருஷா வருஷம் கொடுக்க வேண்டிய துணி இன்னும் வருகிறது. வரவரத் துண்டு சின்னதாகிக்கொண்டே போனாலும் வேண்டாம் என்று சொல்வதில்லை. துணி வருகிற வரைக்கும் ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். நவம்பர் 11 அன்று கானன்டேக்வாவில் கூடி அந்த நாளை நினைவுகூர்கிறார்கள்.

1687-ல் எரிந்த கனோந்தகன், சரியாக முந்நூறு வருஷம் கழித்து 1987-ல், பாதுகாக்கப்பட்ட வரலாற்று இடமாகத் திறக்கப்பட்டது. அங்கே ஒரு நெடுவீட்டைப் பழையபடி கட்டி வைத்திருக்கிறார்கள். பழைய வெள்ளைச் சோள விதையைக் காப்பாற்ற 1990-களில் கட்டாராகஸில் தொடங்கிய வேலை இப்போது கனோந்தகனில் நடக்கிறது. கதிரை உரித்து, சடையாகப் பின்னி, காயவைத்து, வேகவைத்துத் தோல் நீக்கி, பாக்கெட் போட்டு விற்கிறார்கள். தோல் நீக்கிய சோளம், மாவு, வறுத்த மாவு என்று மூன்று விதம் உண்டு. பெண்கள் கொடுக்கமாட்டோம் என்று சொன்னால் போருக்குப் போக முடியாது என்று மேலே எழுதினேனே, அது இந்த வறுத்த மாவுதான்.